பதினேழாம் மேசை

இரவு எட்டாக ஐந்து நிமிடம். துவாஸ்.
நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது.
பகல் ஆள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள்.
மவுஸ் வலப்பக்கம்.
எடுத்து இடப்பக்கம் வைக்கிறேன்.
கம்பி எட்டாது.
ஸ்டேப்ளரைத் தள்ளி, திரையின் காலில் சிக்கியதை உருவி
இழுத்து வர வேண்டும்.
அப்புறம் செட்டிங்குக்குள் போய்ப் பொத்தான்களை மாற்றிப் போட வேண்டும்.
இரண்டு நிமிடம்.
நான்கு வருடமாக, ராத்திரிக்கு இரண்டு நிமிடம்.

பேர் ஹஸ்லிண்டா. ஷிப்ட் பட்டியலில் எனக்கு மேல்வரி.
முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை.
கையைத் தெரியும்.
காலையில் அவளுக்கும் அதே இரண்டு நிமிடம்;
திட்டிக்கொண்டுதான் மாற்றுவாள்.

இந்த ஊரே வலக்கைக்கு அளவெடுத்த சட்டை.
ரயில் கதவில் அட்டை தட்ட
உடம்பைக் குறுக்கே திருப்புகிறேன், தினமும்.
நகரும் படிக்கட்டு மட்டும் என்னை இடப்பக்கம் சேர்க்கிறது,
அதுவும் நிற்பதற்கு.
நாத்தனார் கல்யாணப் பந்தியில்
மறந்துபோய் இடக்கையால் அப்பளம் வைத்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இலை ஒன்று
நாலு விரற்கடை நகர்ந்துகொண்டது.
சீனப் புத்தாண்டுக்கு சூப்பர்வைசர் கோ
ஆங் பாவ் நீட்டும்போதுதான் நிம்மதி:
இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

மூன்று மணிக்கு யார்டு அறிவிப்பு வந்தது.
தமிழ் தெரிந்தவள் என்று என் தலையில்.
*தொங்கும் சுமையின் கீழ் நிற்காதீர்.*
ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்க எனக்கு வராது.
தமிழ்99 தான்.
பலகையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை;
விரல்களுக்கு வீடு தெரியும்.

உயிரெல்லாம் இடக்கைப் பக்கம்.
மெய் பெரும்பாலும் அந்தப் பக்கம்,
வகரமும் ஙகரமும் மட்டும் எல்லை தாண்டி வந்தவை.
அ, இ, உ.
சுட்டெழுத்து மூன்றும் வரிசையாக
இடது சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலின் கீழ்.
சுட்டுவிரலுக்கோ புள்ளி.
தடவினால் தட்டுப்படும் அந்தச் சின்ன மேட்டில்
எழுத்தின் வாயைச் சாத்துவது
என் நொட்டாங்கை.

அன்றைக்குத்தான் கவனித்தேன்:
'வலம்' என்று அடித்தால்
தொடங்குவது இடக்கை. முடிப்பதும் அதுவே.
நடுவில் இரண்டு தட்டு வலக்கைக்கு.
'இடம்' அடித்துப் பார்த்தேன்.
அதே தாளம்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எதிர் வரிசையில் கிரேன் திரைக்கு முன்னால்
அரைத் தூக்கத்தில் இருந்த தேவசகாயம்
கப்பல் ஏதும் நகர்ந்துவிட்டதா என்று பார்த்தார்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
மவுஸைக் காணோம்.
பழக்கத்தில் வலப்பக்கம் துழாவுகிறேன், வெறும் மேசை.
அது ஏற்கெனவே இடப்பக்கம் இருந்தது.
யோசிக்காமல் பொத்தான்களை மாற்றினேன்;
அதுவும் ஏற்கெனவே மாற்றியிருந்தது போலும்.
எதைத் தொட்டாலும் பட்டியல் விரிந்தது.
ஒரு கண்டெய்னரைத் திறக்க
ஏழு கேள்வி கேட்டது கணினி.

மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே போனேன்.
ஹஸ்லிண்டாவின் வலது மணிக்கட்டில்
நீலப் பட்டை, உள்ளே தகடு.
"ஆறு வாரம்" என்றாள்.
"டாக்டர் கையை மாற்றச் சொன்னார்."
இடக்கை மவுஸின் மேல்
புது வீட்டுக்கு வந்த பூனைபோல் பதுங்கியிருந்தது.
எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"அப்போ கோப்பியை எங்கே வைப்பே?"

வலப்பக்கம் என்றேன்.
எழுந்துபோகையில் பார்த்தேன்,
வலப்பக்கம் இரண்டு வட்டக் கறை,
ஒன்று என்னுடையது.

ஆறு வாரம் ஏழாயிற்று. பட்டை கழன்றது.
மவுஸ் மறுபடி அவள் பக்கம்.
கம்பி மட்டும் இப்போது
கீபோர்டுக்குப் பின்னால் நடுவாக வருகிறது,
டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள்.
இரண்டு பக்கமும் எட்டும்.

பொத்தான்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் ஆகிறது.