அலை அறுந்தால்

பாசார் ரோட்டில் மூன்றாவது கடை.
கண்ணாடிக்குப் பின்னால் ரிமோட்டுகள்
பல்செட்டுகளைப் போல வாய்திறந்து கிடந்தன.
"என்ன ஓட்டப் போற? விமானமா, படகா, காரா?"
தவுக்கே லோ கால்குலேட்டரிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
லோங்காங்குக்குள் போக என்றேன்.
கண்ணெடுத்தார்.

மழை பெய்தால்
செகாம்புட்டில் எங்கள் சி பிளாக்குக்குத்
தண்ணீர் வாசல் வழியாக வராது.
குளியலறைத் துவாரத்தில் ஏறி வரும்,
கூப்பிடாத உறவுக்காரர்போல், செருப்போடு.
மாநகராட்சிக்கு ஏழு புகார்; ஏழு எண்கள் கிடைத்தன.
எட்டாவது மாதம் வந்தவர் குனிந்து பார்த்துச் சொன்னார்:
சாலைக்கு அடியில் எங்கோ அடைப்பு,
எங்கே என்று தெரிந்தால் தோண்டலாம்.

அந்த 'எங்கே'வுக்காகத்தான்
பிஸ்கட் டின்னுக்கு இரண்டு வைப்பர் மோட்டார் பூட்டினேன்,
செத்துப்போன சாகா ஒன்றிலிருந்து கழற்றியவை.
சக்கரங்கள் பேரங்காடித் தள்ளுவண்டியுடையவை, ஒன்று கீச்சிடும்.
கண், திரை உடைந்த என் பழைய கைபேசி.
அது பார்த்ததைத்
திரும்பி வந்த பிறகுதான் சொல்லும்.
மூன்றாம் மாடி ஹக்கிமி அதற்குக் கத்தாக் என்று பெயர் வைத்தான்.
நீந்தத் தெரியாத தவளை.
காது மட்டும் பாக்கி.

லோ மூன்றை எடுத்து வைத்தார்.
இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ், ஆன்டெனா கொக்குக் கழுத்து,
பதினெட்டே ரிங்கிட்.
"லாரிக்காரன் ரேடியோவில பேசினாலும் இது திரும்பிடும், லா."
புளூடூத், ஒன்பது ரிங்கிட்.
"வீட்டுக்குள்ள பூனை விரட்டலாம்."
அப்புறம் அந்த ஆறு சேனல்,
இரண்டு புள்ளி நாலு,
தன் ஆளைத் தவிர எவர் கூப்பிட்டாலும் காதில் வாங்காதது.
நூற்று எழுபது.
"ஆனா ஈரச் சுவர் இதைக் குடிச்சிடும். வளைவுக்கு அப்புறம் நான் பொறுப்பில்ல."

எனக்குத் தேவை இரண்டே சேனல்.
மிச்சம் நாலுக்கும் சேர்த்துப் பணம் எண்ணிக் கொடுத்தேன்.

"பின்னால ஒரு பொத்தான் இருக்கு," என்றார்.
"அலை அறுந்தா என்ன செய்யணும்னு
இப்பவே சொல்லி வெச்சிடு.
அறுந்த பிறகு சொல்ல முடியாது."

நான் டயலிசிஸ் மையத்தில் வேலை செய்கிறவள்.
எங்கள் எந்திரங்களுக்குச் சந்தேகம் வந்தால் நின்றுவிடும்.
நிற்பதுதான் அவற்றின் ஒழுக்கம்.
நில் என்றுதான் முதலில் பதிந்தேன்.
இரவு ஒரு மணிக்கு, ஷிப்ட் முடிந்து,
கோப்பி ஓ உறிஞ்சும்போது உறைத்தது:
குழாய்க்குள் நின்றுபோன தவளை
இன்னொரு அடைப்பு.
அழித்தேன்.
பின்னால் வா, மெதுவாக, என்று மாற்றினேன்.

அதோடு அதன் இடுப்பில் நைலான் கயிறும் கட்டினேன்,
மீட்டருக்கு ஒரு முடிச்சு.
லோவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ஞாயிறு. மழையில்லாத காலை.
கத்தாக் இறங்கியது, கீச்சிட்டபடி.
ஐந்து முடிச்சு. ஒன்பது. பதினொன்று.
பதினான்காவது என் விரலிடுக்கில் நின்றது.
சும்மா கிடந்தது கயிறு.
கீச்சுச் சத்தம் இல்லை.
என் கட்டைவிரல்கள் மட்டும்
முன்னே, முன்னே என்று தள்ளிக்கொண்டிருந்தன.
யாரை என்று தெரியவில்லை.
ஹக்கிமி மூச்சைப் பிடித்துக்கொண்டு
என் முகத்தைப் பார்த்தான், குழாயைப் பார்க்கவில்லை.

ரிமோட்டை அணைத்தேன்.
அணைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

கீச்.
பிட்டத்தைக் காட்டிக்கொண்டு வந்தது,
சுவரில் இடித்து, நிமிர்ந்து, இடித்து,
தலையில் ஒரு நெகிழிப் பையைப் போட்டுக்கொண்டு.
ஹக்கிமி குதித்ததில் என் கோப்பி கொட்டியது.

படியில் உட்கார்ந்து படத்தை ஓட்டினோம்.
நாற்பத்தொரு நொடி.
பாசி, ஒரு எலி, அதன் கோபம்,
பிறகு வளைவு, வளைவுக்கு அப்பால்
குழாயை நிறைத்துக்கொண்டு
ஒரு மெத்தை.
நீலம். வெள்ளைப் பூ.
ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணம்.

போன தீபாவளிக்கு முன்னால்
லாரிக்காரன் ஒருவனுக்கு இருபது ரிங்கிட் கொடுத்து
தூரமாகப் போடச் சொன்னேன்.

"யாரோடது?" என்றான் ஹக்கிமி.

எட்டாவது புகாரை அன்றே எழுதினேன்.
பதினான்கு மீட்டர், வளைவுக்கு அடுத்து, என்று
துல்லியமாக.
பொருள் என்ற கட்டத்தில்
துணி வகை என்று மட்டும் போட்டேன்.