மிச்சம் இருபத்தேழு

என்னுடைய கீபோட்டில் அறுபத்தொரு கட்டை.
பியானோவில் எண்பத்தெட்டு.
மிச்சம் இருபத்தேழு என்று நான் கணக்குச் சொன்னபோது
"நட்சத்திரமும் அவ்வளவுதானடி" என்றாள் தர்மினி.
அவளுக்கு அடுத்த நாள் இரசாயனவியல் சோதனை.
அதற்குமேல் பேசவில்லை.

சுன்னாகத்தில் கலைந்துபோன
ஒரு கலியாண இசைக்குழுவிடம்
பதினெட்டாயிரத்துக்கு வாங்கியது.
மேல்கட்டை ஒன்றில் மெழுகுதிரி உருகிய தழும்பு.
முதுகில் பாதி கிழிந்த ஸ்ரிக்கர்,
'தொடர்புகளுக்கு' என்பதோடு சரி,
இலக்கம் இல்லை.

குருநகரில் எங்கள் வீட்டில் அதற்கு ஓரிடம்தான் கிடைத்தது,
அம்மாவின் தையல் மெசினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்.
வலக்கை தாண்டினால் ஜன்னல் கம்பி.
இடக்கை தாண்டினால் மெசின் மூடி.
அங்கே பன்னிரண்டு, இங்கே பதினைந்து
இல்லாத கட்டைகள்.

கைபேசியில் ஒருத்தி வாசிப்பாள்.
விரல்கள் மட்டும் தெரியும்; முகம் காட்டமாட்டாள்.
வேகத்தைப் பாதியாக்கி,
ஒரே வரியை நாற்பது தரம் ஓடவிட்டு,
ரியூசனால் வந்த சட்டையோடே இருந்து பழகினேன்.
டேற்றா முடிந்த இரவுகளில்
அவளுடைய விரல்களை ஞாபகத்தில் ஓடவிட்டு.

பதினேழாம் வரியில்
இடக்கை கீழே இறங்கத் தொடங்கும்,
கிணற்றுக்குள் வாளி போவதுபோல.
என் கீபோட் முடிந்த பிறகும் இறங்கும்.
மூன்று சுரங்கள்.
அவற்றை மெசின் மூடியில் வாசித்தேன்.
டொக்.
டொக்.
டொக்.
சும்மா தட்டவில்லை.
துணி வெட்டுகிற சோக்கால், அடிமட்டம் வைத்து,
பதினைந்து கட்டையும் மூடியில் கீறியிருந்தேன்.
அந்தந்த இடம், அந்தந்த விரல்.

அந்த நேரம் அம்மா நிலத்தில் இருந்து
பொத்தான் தைத்துக்கொண்டிருப்பா.
"மூண்டு தட்டும் வந்திட்டுது, சோறு போடவோ?"
அவவுக்கு அதுதான் மணி.

பரிசளிப்பு விழா.
மண்டபத்து மூலையில்
வருசம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த பியானோ.
ஒத்திகையன்று சாவி அகப்படவில்லை.
"நேரே ஏறி வாசியும் ஜெனிற்றா" என்றுவிட்டா சிஸ்டர்.

கட்டைகளில் அவ்வளவு கனம் இருக்குமென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொன்றும்
உள்ளே நித்திரையாய்க் கிடக்கும் யாரையோ
எழுப்புவதா வேண்டாமா என்று
யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.
முதற்பக்கத்தில் இரண்டு பிழை.
இல்லை, மூன்று.
முன்வரிசையில் ஒருவர்
நிகழ்ச்சிநிரலால் விசுக்கிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் வரி.
மரத்தை எதிர்பார்த்துப் போன சின்னிவிரலுக்குக் கீழே
சத்தம்.
கரைக்கு வரும் வள்ளத்தின் அடி
மணலில் முட்டும்போது
காலுக்குள்ளால் ஏறுமே, அப்படி.
காதுக்கு முந்தி முழங்காலுக்குக் கேட்டது.

நின்றுவிட்டேன்.
ஒரு தட்டு அல்ல, நாலைந்து தட்டு.
முடிந்துவிட்டதாக்கும் என்று
மண்டபம் கைதட்டத் தொடங்கியது.
கைதட்டலுக்கு அடியில்
மற்ற இரண்டையும் அழுத்தினேன்,
அவசரமில்லாமல்,
என்னைத் தவிர ஒருவருக்கும் கேட்காமல்.

ஓட்டோவில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
கடற்கரை வீதி திரும்பும்போதுதான் கேட்டா:
"எல்லாம் வடிவாத்தான் வாசிச்சனி.
உந்த மூண்டு தட்டை மட்டும் ஏன் பிள்ளை விட்டனி?"

வீட்டில் மூடியின் மேல் சோக்குக் கோடுகள் அப்படியே.
மூன்று கட்டைகளின் குரல் இப்போது எனக்குத் தெரியும்.
மிச்சம் இருபத்திநாலு.