எனக்கு விழுந்த ஒரு வாக்கு

கோல்காப்பாளரின் தலைக்கவசத்தை மல்லாத்தி
அதற்குள் போட்டோம், நாலாய் மடித்த துண்டுகளை.
பதினாறு பேர்.
வடிவழகன் சேர் விரித்து விரித்து வாசித்தார்:
அன்னபாக்கியம், அன்னபாக்கியம், ரம்ஸியா,
அன்னபாக்கியம்,
இடையில் ஒரே ஒருமுறை
தெய்வானை.

ஒற்றைக்கொம்பை அப்படி வளைத்தெழுத
எங்கள் கல்லூரியில் என்னைத் தவிர ஆளில்லை.
அந்தத் துண்டை மட்டும் சேர்
கொஞ்சம் அவசரமாய் மடித்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

போன தவணை பதினொரு கோல் அடித்தவள் நான்.
அன்னபாக்கியம் அடித்தது ஒன்று.
அதுவும் முழங்காலில் பட்டுப் போனது.
நடுவர் பார்க்கவில்லை, கொடி காட்டவில்லை, நாங்கள்
கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தோம்.
இவள் நடந்துபோய், நின்று,
தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.
வெறுங்கையோடு பஸ் ஏறினோம் அன்றைக்கு.
அவளுக்குத்தான் பதினொரு பேர் வாக்குப் போட்டிருக்கிறார்கள்.
கோலுக்கு ஒன்றாய் எனக்கு வந்திருக்க வேண்டியது
என்று இரவெல்லாம் கணக்குப் பார்த்தேன்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கம்
விதி எழுதி வந்தாள்:
ஐந்தரைக்குப் பிந்தினால் அந்த வாரம் ஆட்டமில்லை.
நடுவரை ஏசினால் இரண்டு ஆட்டம்.
காரணம் சொல்லலாம், ஆனால் பட்டியல் மாறாது.
பதினாறு பேரும் கையெழுத்து வைத்தோம்.
என்னுடையதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

தை மாதம். சனிக்கிழமை மாத்தளைப் பிள்ளைகளோடு போட்டி.
வியாழன் நான் கண்விழித்தது ஆறுக்கு.
போர்வையின் சூடு; வேறொன்றுமில்லை.
ஓடிப்போய், மூச்சு வாங்க,
"பஸ் வரல" என்றேன்.
நானுஓயாவிலிருந்து வரும் அந்த முதல் பஸ்ஸில்
டிக்கட் கிழிப்பது அவளுடைய சொந்த அண்ணன்.
சொல்லி முடித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

ஸ்டிக்குக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.
மீதிச் சுற்றையும் சுற்றினாள்.
பல்லால் கடித்து அறுத்தாள்.
"ரெண்டு ரவுண்ட் ஓடிட்டு வா, ஒடம்பு சூடாகட்டும்."
அவ்வளவுதான்.

வெள்ளி மாலை பலகையில் பதினைந்து பெயர்.
கீழே ஒரு வரி இடமிருந்தது,
பொய் சொன்னாள் என்று எழுதப் போதுமான இடம்.
வெறுமையாய் விட்டிருந்தாள்.

சனி விடிய மைதானம் முழுக்கத் துகள்பனி.
ஐஸ் மேல் ஹொக்கி ஆடுவதை டீவியில் பார்த்திருக்கிறோம்,
சப்பாத்தில் கத்தி பூட்டிய மனுசர்கள்.
இங்கே கத்தியில்லாமல் எங்கள் பிள்ளைகள்
வழுக்குவதும் எழும்புவதுமாய்.
பந்து போன வழியெல்லாம்
வெள்ளைப் புல்லில் பச்சைக் கோடு.
பெஞ்சில் இருந்து பார்த்தால்
யார் யாருக்குக் கொடுக்கவில்லை என்பதும் தெரிகிறது.
அந்தக் கோடுகளில் பாதி
போன தவணை என் காலடியில் முடிந்தவை;
நான் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததாய் ஞாபகமில்லை.

கோட்டுக்குள்ளே ஜேர்சி போட்டிருந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

இடைவேளை. பூச்சியத்துக்கு ஒன்று.
தோடம்பழத் தட்டைத் தாண்டி
நேரே என்னிடம் வந்தாள், வாயெல்லாம் ஆவி.
"அவங்க ஏழாம் நம்பர் எந்தப் பக்கமா திரும்புறா?"
இருபத்தைந்து நிமிடமாய் எனக்கு வேறு வேலையில்லை.
"வலது போறமாதிரி காட்டிட்டு எடது.
தோளப் பாக்காத. குதிகாலப் பாரு."
தலையாட்டினாள்.

"பஸ் வந்துச்சு" என்றேன்.
"தெரியும்."

கப்டன் பட்டி முழங்கைக்கு வழுகியிருந்தது.
ஊக்கை என் கையில் வைத்து
இடக்கையை நீட்டினாள்,
"இதக் கொஞ்சம் குத்தி விடு."
விறைத்த விரல்.
முதல் தடவை துணியில் ஏறவில்லை.
இரண்டாம் தடவை அவளுடைய தோலில்.
அசையாமல் நின்றாள்.
மூன்றாவதில் பூட்டியது,
விசில் ஊதிவிட்டது.