பத்து லட்சத்து ஒன்று

பத்து லட்சமாவது வண்டிக்கு
அல்வாப் பெட்டி, சால்வை, மேனேஜரின் செல்பி.
திருச்சிக் கார்க்காரர் பல் தெரியச் சிரித்தார்.

அடுத்து ஒச்சப்பனின் மினிலாரி,
சோழவந்தான் வெற்றிலை, சிவகாசிக்கு.
ரசீது கிழித்துக் கொடுத்தேன்: 1000001.
"நமக்கு ஒண்ணுமில்லையா?"
"ஒண்ணு இருக்கே, கடைசியில."
பாதிச் சிரிப்போடு கியரைப் போட்டார்.

கப்பலூரில் ராத்திரி மூணு மணி.
பழைய ரசீதின் பின்பக்கம் வகுக்க உட்கார்ந்தேன்.
மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு.
ஏழு? இரண்டு.
பதினொன்று, பதிமூன்று: இரண்டு, இரண்டு.
பதினேழு பத்து என்று குளறியது,
பத்தொன்பது பன்னிரண்டு என்றது,
முப்பத்தேழு மறுபடி இரண்டுக்கே வந்தது.

ஹாரன். ஒரு ஆம்னி பஸ், இரண்டு டிப்பர்.
திரும்பி வந்து நூற்றொன்றைப் போட்டேன்.
மீதியில்லை.
சத்தமில்லாமல் பிளந்தது.

உள்ளே 9901.
தொண்ணூற்றேழு வரை
ஒவ்வொரு பகா எண்ணாய்த் தட்டிப் பார்த்தேன்,
தடுப்புக் கம்பி எழவேயில்லை.
அதற்கு மேல் தட்ட வேண்டியதில்லை.

ஆயிரத்துக்கு ஆயிரம் ஒரு வயல்,
வரப்போரம் ஒண்ணுக்கு ஒண்ணாய் ஒரு துண்டு:
அப்படித்தான் முதலில் தெரிந்தது.
அதே நிலத்தை
980 பக்கத்தில் ஒரு சதுரம், 199 பக்கத்தில் ஒன்று என்றும்
பாகம் பிரிக்கலாம்,
அங்குலத் தகராறு வராது.

விடிகிற நேரம்
எதிர்த் தடத்தில் காலி வண்டி.
ஒச்சப்பன் ரசீதை விரித்துக் காட்டினார்,
சுண்ணாம்பு மடித்திருக்கிறார்.
பூஜ்யங்களை அது தின்றது போக
இந்த ஓரம் ஒன்று,
அந்த ஓரம் ஒன்று.