புறங்கை

குத்தாயிசி நகராட்சி, ஐந்தாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு
வெள்ளைக் கற்களை உருட்டிக்கொண்டு போகிறது.
என் வேலை படிவம் எழுதுவது.
ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே
எவ்வளவு வெற்றிடம் விடலாம் என்று
இருபத்திரண்டு வருடமாக யோசிக்கிறேன்.
சொன்னால் சிரிப்பீர்கள்.

முதலில் குப்பை வரிக் கடிதம்.
பழையதில் சட்டப் பிரிவுகள் ஏழு,
அபராதம் தடித்த எழுத்தில்.
இரண்டாம் பத்தியை யாரும் தாண்டியதில்லை.
புதியதில் ஒரே வரி:
"உங்கள் தெருவில் பத்தில் ஒன்பது வீடு கட்டிவிட்டது."
மிரட்டலுக்கு அசையாதவர்கள்
பக்கத்து வீட்டுக்கு அசைந்தார்கள்.
பணம் வந்தது. மேயர் கேக் வாங்கித் தந்தார்.

பிப்ரவரியில் ஒரு தொலைபேசி.
பாலத்துக்கு அந்தப் பக்கம், சியாலா என்று பெயர்.
குரலில் கோபமே இல்லை.
"அந்தப் பத்தாவது வீடு நான்தான்.
படியிறங்கும்போதெல்லாம் ஒன்பது கதவையும் பார்க்கிறேன்.
எந்தக் கதவுக்கு என் விஷயம் தெரியும்?
ஓய்வூதியம் பதினெட்டாம் தேதி.
நீங்கள் பத்தாம் தேதி கேட்கிறீர்கள்."
மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
நாள்காட்டியைப் பார்த்தேன்.
கெடுவை இருபதுக்குத் தள்ளினோம்,
ஒன்பது வீட்டையும் கடிதத்திலிருந்து எடுத்தோம்.
அப்புறம் வந்த பணம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.
கேக் வரவில்லை.

அடுத்தது எங்கள் சொந்தப் படிவம்:
ஊழியர் பெற்ற பரிசுகள்.
"எதுவும் பெறவில்லை" என்ற கட்டத்தில்
அச்சிலேயே ஒரு டிக் விழுந்திருந்தது.
கையெழுத்துப் போட்டால் போதும்.
ஆறு வருடம், நூற்றுப் பதினான்கு பேர்,
ஒருவரும் ஒரு பேனாகூட வாங்கவில்லை
கல்யாணத்துக்குப் போகாதவன் வீட்டுக்கும்
ஒரு குடுவை ஒயின் வந்து சேருகிற இந்த ஊரில்.

அந்த டிக்கை அழித்தேன். அவ்வளவுதான்.
காலிக் கட்டம், கீழே ஒரு கோடு:
யாரிடமிருந்து, என்ன, கையால் எழுதவும்.
கட்டுக்கட்டாக லிஃப்ட் வாசலில் வைத்தேன்,
பார்க்காமல் யாரும் இறங்க முடியாதபடி.
முதல் வாரமே சாலைப் பிரிவு எல்குஜா எழுதினான்:
"ஒரு ஆட்டுக்கால். சாப்பிட்டாயிற்று. இனி என்ன செய்வது?"
அவன் ஒளித்தவன் இல்லை.
அவனை யாரும் கேட்டதில்லை.

தேனெடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான்
என்று சொல்லிக் கைகழுவுகிறவர்கள்
கைகழுவத் தண்ணீர் எங்கே வைத்தோம்
என்று மட்டும் சொல்வதில்லை.
பயிற்சி வகுப்பில் இதைச் சொல்வேன்.
கைதட்டுவார்கள்.

அக்டோபரில் ஒப்பந்தக்காரர் ஜும்பெர் வந்தார்.
மேசைமேல் ஒரு கிலோ தேன்,
மலைக் கஷ்கொட்டைப் பூவின் தேன், கறுப்பு.
"டெண்டர் உங்கள் மேசைக்கு வராதே,
நீங்கள் படிவக்காரி" என்றார்.
உண்மைதான்.
சின்னப் பொருள்தானே.
மறுத்தால் மனிதர் மனம் நோகுமே.
எல்லோரும் வாங்குவதுதானே.
என் வகுப்பின் நான்கு படங்களும்
போட்ட வரிசையிலேயே ஓடின.
நான்காவது முடிவதற்குள் கையில் கரண்டி.
முதலில் இனிப்பு, தொண்டையில் கசப்பு.

சாயங்காலம் லிஃப்ட் வேலை செய்தது.
நான் படியில் இறங்கினேன்.
மறுநாளும் படி.
உடம்புக்கு நல்லது என்று எல்குஜாவிடம் சொன்னேன்,
அவன் கேட்காமலே.
மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது.

நான்காம் நாள் லிஃப்ட் வாசலில்
நானே வரைந்த கோட்டில் நானே எழுதினேன்:
ஜும்பெரிடமிருந்து. தேன், ஒரு கிலோ.
மூன்று கரண்டி குறைகிறது.

மதியம் காவலாளியைக் கூப்பிட்டு
படிக்கட்டு வளைவிலும் ஒரு கட்டு வைக்கச் சொன்னேன்.
யாருக்காக என்று கேட்டார்.
முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு என்றேன்.