வலது பெருவிரல்

குருநகர் ஐஸ் அறையிலை பதினொரு வருசம்.
பூட்ஸுக்குள்ளை ஊறின கால்.
நகம் மஞ்சளாகித் தடிச்சு
பழஞ் சவர்க்காரம் மாதிரி உதிர்ந்துது.

பாமசிக்காரன் தந்த கிறீம் மூண்டு ரியூப்.
பூசினது விரலுக்கு, நகத்துக்கு ஏறேல்லை.

"பாத்த உடனை பங்கஸ் எண்டு சொல்லேலாது,
அடிபட்டாலும் இப்பிடித்தான் வரும்."
டொக்ரர் நிலானி
நகத்தடியைச் சுரண்டி
கறுத்தக் கடதாசியிலை மடிச்சா,
நகைக்கடையிலை பொன்தூள் மடிக்கிற மாதிரி.

மூண்டு கிழமையாலை முடிவு: பூஞ்சணந்தான்.
குளிசைக்கு முன்னம் ஈரலுக்கு ரத்தச் சோதனை.
"குடிப்பியளோ?"
மனுசி மேலை சுத்தின ஃபானைப் பாத்தாள்.

குளிசை மூண்டு மாசம்.
பூட்ஸ் வெயிலிலை, சொக்ஸ் நாளுக்கு ரெண்டு சோடி.
"நகம் முழுக்க மாற வருசம் செல்லும்."

பெரிய வியாழன் பன்னிரண்டு பேரிலை
என்ரை பேரையும் வாசிச்சினம்.
வலது காலைத்தான் கழுவுறது.
நாரி நோ எண்டு சொல்லிப்போட்டு
கடைசி வாங்கிலை இருந்தன்.
எனக்குப் பதிலாய் அருளப்பு.
அவன்ரை குதி முழுக்க வெடிப்பு, ஒரு ஆணி வேறை.
சுவாமி குனிஞ்சு
விரலிடுக்கு விரலிடுக்காய்த் துடைச்சார்.

இண்டைக்குப் பாத்தன்.
அடியிலை ஒரு அரிசிமணி அகலம்
வெளிச்சமாய் நகம்.
மிச்சம் மஞ்சள்தான்.