மிச்ச வெயில்

லெனேசியாவில் ஜூலை.
புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி.
ஒன்பது மணிக்குள் அதுவும் போய்விடும்.
பிறகு நாள் முழுக்க
ஒரு மேகம்கூட இல்லாத
ஈவிரக்கமற்ற நீலம்.

கூரையில் பத்துத் தகடு.
பேட்டரிக்கு வயிறு நிறைந்து
ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஓய்ந்த பிறகும்
வெயில் வந்துகொண்டே இருக்கிறது.
மாநகராட்சிக்கு விற்கலாமென்று
பதினொரு படிவம் நிரப்பினான் சாகரன்.
பன்னிரண்டாவதைக் கேட்டார்கள்.

அதனால்தான் அந்தச் சாம்பல்நிறப் பெட்டி.
உள்ளங்கை அகலம்,
இரண்டு மாத மளிகை விலை.
எல்லோரும் தின்று மீந்ததை மட்டும் அள்ளி
மேல்தளத்துக் கீசருக்குள் இறக்கும்.
நான் கெட்டிலைப் போட்டால்
சட்டென்று கையை இழுத்துக்கொள்ளும்,
கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவன்போல.

சமையலறைச் சுவரில் பழைய பாய்லர்,
அடிவயிற்றில் ஒரு சின்ன நீலச் சுடரோடு.
அதை அணைத்துவிடலாம் என்கிறான்.
வேண்டாம் என்கிறேன்.
வெயிலை நம்பலாம்,
தீப்பெட்டியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றது
இவனுக்காகத்தான் இருக்கும்.
பள்ளிக்கூட நோட்டில் கட்டம் போட்டு
'செவ்வாய், தண்ணீருக்குள் ஆறு யூனிட்'
என்று எழுதுகிறான்.
எனக்கு இரவு ஷிப்ட்.
தூங்கி எழுந்து இரண்டரை மணிக்குக் குளிப்பேன்.
எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது,
நண்பகல் என் தோளில் விழும்
என்பது மட்டும் தெரியும்.

பதினாறாம் தேதி
குழாய் இரண்டு முறை இருமி
நின்றுபோனது.

பள்ளிவாசல் முனையில் லாரி,
லாரிக்குப் பின்னால் தெருவே.
வாளிக்குள் வந்த தண்ணீரில் விரல் வைத்தால்
எலும்பு வலித்தது.
இங்கே கீசர் நிரம்பிக் கொதித்து
போதும் போதும் என்று பெட்டி விளக்கு சிமிட்டுகிறது.
மேலே பத்துத் தகடு சூரியன்,
நடுவில் நூற்றைம்பது லிட்டர் வெந்நீர்,
கீழே திறந்தால் காற்று.
பின்னிருந்து தள்ளக் குளிர்நீர் இல்லாவிட்டால்
வெந்நீர் ஓரடி நகராதாம்.
வரிசை அப்படி.

மூன்றாம் நாள் மாலை
மதிலுக்கு மேல் மோகாம்பரியின் முகம்.
பிரசவித்து வந்திருக்கிறாள் மகள்,
பிள்ளைக்குப் பதினொரு நாள்,
அவர்கள் வீட்டு சிலிண்டரும் தீர்ந்தது.

சாகரன் ஒன்றும் பேசவில்லை.
முதலில் சுவிட்சை இறக்கினான்,
தண்ணீர் வடிந்தால் சுருள் கருகிவிடும்.
காற்றுப் போகக் குளியலறைக் குழாயைத் திறக்கச் சொன்னான்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கூரைத் துவாரத்துக்குள் ஏறினான்.
தோட்டத்துக் குழாய் ஒன்று
பாம்புபோலத் தலைகீழாக இறங்கி
ஆவி கக்கியது.

முதலில் குழந்தையின் நீலத் தொட்டி.
பிறகு ஃபரீதாவின் பிரியாணி தேக்சா.
பின்னறையில் குடியிருக்கும் தெபோகோ
பெயிண்ட் டப்பாவைக் கழுவி எடுத்து வந்தான்.
யார் சொன்னார்களோ
அடுத்த சந்திலிருந்தும் ஆட்கள்.
தாழ்வாரம் முழுக்க வெந்நீர்ப் புகை,
சிரிப்பு, "பார்த்து, பார்த்து",
யாரோ கால் சுட்டுக்கொண்ட கத்தல்.

ஒப்புக்கொள்கிறேன்:
நடுவில் ஒரு வாளியை
கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.
எட்டு மணிக்கு ஷிப்ட்.
தலை கழுவி நான்கு நாள்.

விடியுமுன் குழாயில் தண்ணீர் வந்தது,
தேயிலை நிறத்தில்.
வெறும் வயிற்றுக் கீசர் நிரம்பி
பனிக்கட்டியாய்க் கிடந்தது.
ஷிப்ட் முடிந்து நான் குழாயைத் திருக
மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக
பாய்லர் திடுக்கிட்டு எழுந்து
உறுமிற்று.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
கட்டத்துக்குள் அடங்காமல் எழுதியிருந்தான்:
நூற்றைம்பது லிட்டர், பதினேழு பாத்திரம்,
திரும்பி வராத வாளி மூன்று.
கீழே, பென்சிலில்,
கதவுக்குப் பின்னால் ஒன்று.